முதல் வேண்டாம்

செப்டம்பர் 12

அன்புள்ள ஆபரேட்டர் அம்மாவுக்கு,

நீ தொலைபேசி நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் தெருவே உன்னை இப்படித்தான் கூப்பிடுகிறது. நீ கோபமாக இருக்கும்போது வேறு பெயரில் உரிமையோடு அழைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நானும் தெருவோடு சேர்ந்துகொள்கிறேன்.

போன் செய்தேன். அங்கே வந்திருந்த மகள்தான் எடுத்தாள். "அம்மா பேச மாட்டாங்களாம்ப்பா. வேணும்னா எழுதட்டும், படிக்கிறேன்னு சொல்றாங்க" என்றாள். பின்னால் நீ ஏதோ பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது. ஆகவே எழுதுகிறேன். குழப்பம் இல்லாமல் இருக்க, வரிசை இது:

1. நான் வந்து சேர்ந்தது.
2. தங்கியிருக்கும் வீடும் வீட்டாரும்.
3. வகுப்பு.
4. நான் உன்னையும் கூப்பிட்டேன், நீதான் வரவில்லை. அதில் என் மேல் தவறு இல்லை என்பது.

நான்காவதை முதலில் எழுதிவிடலாமா என்று யோசித்தேன். தைரியம் வரவில்லை.

முதல் விஷயம். வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் எல்லோரும் பெட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு பெட்டி சுற்றிச் சுற்றி வந்தது. என்னுடையதைப் போலத்தான் இருந்தது. ஆனாலும் வேறொருவருடையதாக இருந்துவிட்டால்? கடைசியில் ஒரு காவலர் வந்து, "இது உங்களுதுதானே?" என்று கேட்டார். "அப்படித்தான் நினைக்கிறேன்" என்றேன்.

இரண்டாவது. பெரியவர்கள் படிக்க வந்தால் கல்லூரியே ஒரு குடும்பத்தோடு தங்க ஏற்பாடு செய்கிறது. இரவுச் சாப்பாடு அவர்களோடுதான். பேச்சுப் பழகவும் அதுதான் வழி. வீட்டம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறார். நல்ல உயரம், நல்ல குரல். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார்; பேசினால் லிஃப்டைப் பற்றிப் பேசுவார். என் அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மேசையும் ஹீட்டரும் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போவின் மதில். சாப்பாடு ருசியாகவே இருக்கிறது. அளவுதான் கொஞ்சம் சுருக்கம்.

மூன்றாவது. மொழி வகுப்பில் மற்ற எல்லோரும் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து வந்து, பலகையில் எழுதும் பேனாவை என் கையில் பணிவாகக் கொடுத்துவிட்டாள். நான் ஆசிரியர் இல்லை என்று சொல்ல வாக்கியம் தெரியவில்லை. உண்மையான ஆசிரியை வந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாடநூல் அலுவலகத்தில் இவர்கள் மொழியின் அறிவியல் நூல்களை ஆங்கிலம் வழியாகவே காலமெல்லாம் தமிழாக்கினேன். மூடிய கதவுக்கு வெளியே நின்று பேச்சைக் கேட்டு எழுதிய மாதிரி. ஒரு தடவையாவது அறைக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்தேன். இந்த வயதில் இது அசட்டு ஆசையோ என்று தினமும் தோன்றுகிறது.

நான்காவது. "நீயும் வரியா?" என்று நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "எனக்கு எதுக்கு, வேண்டாம். நீங்க போங்க" என்றாய். உன் விருப்பத்தை மதித்தேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாததற்கு என்ன காரணம் என்று எனக்கு விளங்கவில்லை.

பதில் எழுது.

இப்படிக்கு,
நான்

---

செப்டம்பர் 30

மாணவர் அவர்களுக்கு,

உங்கள் வரிசைப்படியே பதில்.

ஒன்று, மகள் சொன்னாள். இரண்டு, டிப்போ பக்கத்தில் என்றால் புகை வரும். ஜன்னலை மூடி வையுங்கள். மூன்று, அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தீர்களா இல்லையா? நான்கு, அதற்குப் பதில் இல்லை.

இங்கே மேல்தொட்டி ஒழுகுகிறது. நீங்கள் இருந்திருந்தால் பிளம்பரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் ஆராய்ச்சி நடந்திருக்கும். நான் கூப்பிட்டேன், வந்தான், சரிசெய்தான், போனான். வீடு அமைதியாக இருக்கிறது. "தனியா இருக்கீங்களே, பயமா இல்லையா?" என்று பக்கத்து வீட்டு டெய்லர் கேட்டார். "பயப்படுறவர் வெளிநாட்டுல இருக்காரு" என்றேன். வாயில் இருந்த நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

மகளுக்கு நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சட்டைக் காலருக்கும் உங்கள் கழுத்துக்கும் நடுவே ஓர் ஆள் புகுந்து போகலாம். அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள்?

இப்படிக்கு,
ஆபரேட்டர்

---

அக்டோபர் 21

அன்புள்ள ஆபரேட்டர் அம்மாவுக்கு,

வரிசை:

1. ஒரு சிக்கல்.

இரண்டாவது எதுவும் இல்லை. பேனாவை மறுநாளே கொடுத்துவிட்டேன்.

என்னை இந்த வீட்டை விட்டு வெளியேறச் சொல்கிறார்கள். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

தினமும் மேசையில் வீட்டம்மா எனக்கு ஒரு தடவை பரிமாறுவார். பிறகு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னும் கொஞ்சம்?" என்பார். நான் "வேண்டாம்" என்பேன். உடனே மூடி போட்டுவிடுவார், பஸ் கதவை மூடுகிற வேகத்தில். நான் ஓடிப்போய் ஏற முடியாத பயணி மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் இன்னொரு தடவை கேட்பார் என்று முதல் வாரம் எதிர்பார்த்தேன். இரண்டாம் வாரமும் எதிர்பார்த்தேன். அப்புறம் டிப்போ வாசலில் உள்ள கடையில் பன் வாங்கி அறையில் ஒளித்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். பன் சுற்றியிருந்த காகிதங்களை அலமாரிக்குப் பின்னால் செருகினேன். குப்பைக் கூடையில் போட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

அலமாரியை நகர்த்திப் பெருக்கியபோது அவர் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் பேச்சு நின்றுவிட்டது. மெக்கானிக்கூட லிஃப்டைப் பற்றிப் பேசவில்லை. இன்று கல்லூரியில் தங்குமிடம் பார்க்கும் அதிகாரி கூப்பிட்டார். அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்; அவர் பயன்படுத்திய மரியாதைச் சொல்லை 'ஐயா' என்று வைத்துக்கொள். "சாப்பாடு பிடிக்கலைன்னா நேராச் சொல்லிருக்கலாமே ஐயா? திருட்டுத்தனமா வெளியில வாங்கித் தின்னா அந்தம்மா மனசு என்ன பாடுபடும்? வேற வீடு பாக்கச் சொல்லிட்டாங்க. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் இருங்க."

எனக்கு அழுகை வந்தது. "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதிதாக ஒரு குடும்பத்தோடு பழகும் தெம்பு என்னிடம் இல்லை. பாடமும் ஏறவில்லை; ஆசிரியை கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் வாய் திறப்பதற்குள் பக்கத்துப் பையன் சொல்லிவிடுகிறான். திரும்பி வந்துவிடலாமா என்று தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்? நீ வரச் சொன்னால் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நான்

---

நவம்பர் 6

மாணவர் அவர்களுக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

உங்கள் 'வேண்டாம்' என்னவென்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எனக்கே சொல்லித்தான் தெரிந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தீர்கள். என் தம்பி சோற்றுப் பாத்திரத்தோடு வந்தான், வேண்டாம் என்றீர்கள், அவன் போய்விட்டான். அன்று சாயங்காலம் நீங்கள் கொல்லைப் பக்கம் நின்று தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் வேண்டாம்னா ரெண்டு கரண்டி போடு. வேண்டவே வேண்டாம்னா ஒரு கரண்டி போடு. தட்டு மேல கைய வச்சு மறைச்சா மட்டும் விட்டுடு" என்றார். அதை வைத்துத்தான் இத்தனை காலம் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன். உங்களுடைய முதல் வேண்டாம், தொண்டையைச் செருமுவது போல. பேச்சு இனிமேல்தான் வரப்போகிறது என்று அர்த்தம்.

இதை அப்படியே அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். அதிகாரியிடம் இல்லை, அந்த அம்மாவிடம். சமையலறையில் நின்று சொல்லுங்கள். மொழிதானே படிக்கப் போனீர்கள்?

திரும்பி வருவதைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். வா என்றால், ஆசைப்பட்ட படிப்பைப் பாதியில் நிறுத்தியவள் நான் என்று ஆகும். வராதே என்றால், விரட்டியவள் நான் என்று ஆகும். போவது உங்கள் முடிவாக இருந்தது. இதுவும் அப்படியே இருக்கட்டும்.

எனக்கு வெளியே கிளம்ப நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
ஆபரேட்டர்

---

நவம்பர் 25

அன்புள்ளவளே,

வரிசை:

1. சமையலறையில் நடந்தது.
2. அதன் பின் அவர்கள் என்னைக் கேட்ட கேள்வி.
3. நான் செய்து முடித்திருக்கும் ஏற்பாடுகள்.

முதல் விஷயம். சொல்ல வேண்டியதை எழுதி, ஆசிரியையிடம் காட்டித் திருத்தி, மனப்பாடம் செய்தேன். சமையலறை வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. கையில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டேன். "வேண்டாம்" என்றேன், "ரெண்டு கரண்டி" என்று விரலைக் காட்டினேன். "வேண்டவே வேண்டாம்" என்றேன், ஒரு விரல். கடைசியில் தட்டைக் கையால் மூடினேன். வீட்டம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு ஒரே கத்தல்.

"பச்சை, மஞ்சள், சிவப்பு! அப்படிச் சொல்லுங்க! இது தெரியாம நான் தினம் பச்சை லைட்டுல பிரேக் போட்டுட்டு நின்னுருக்கேனா?"

"நான் முன்னாடியே சொல்லிருக்கணும்" என்றேன்.

"என் சமையல்தான் உங்க வாய்க்குப் பிடிக்கலைன்னு நெனச்சு தினம் ஒண்ணு புதுசா செஞ்சு பாத்தேன் ஐயா. நீங்க ரெண்டாவது தடவை வாங்க மாட்டீங்க. மிச்சத்தையெல்லாம் இவருதான் உள்ள தள்ளுனாரு. பாருங்க, ஒரு சுத்துப் பெருத்துட்டாரு."

மெக்கானிக் கதவருகே நின்றிருந்தார். "நேத்து வேலைக்குப் போன எடத்துல நான் ஏறுனதும் லிஃப்ட் ஓவர்லோடுன்னு கத்துது. உள்ள நான் ஒருத்தன்தான்" என்றார்.

வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்று அந்த அம்மாவே கல்லூரிக்குச் சொல்லிவிட்டார். இப்போது என் தட்டில் விழுவதை நீ பார்த்தால் பயந்துவிடுவாய். கையால் மறைத்தாலும், "இந்த சிவப்பு ரிப்பேர்" என்று சொல்லி ஒரு கரண்டி போடுகிறார்.

இரண்டாவது. அன்று சாப்பிடும்போது, "இந்தக் கரண்டிக் கணக்கையெல்லாம் எழுதி அனுப்புன அம்மா ஏன் உங்களோட வரல?" என்று அவர் கேட்டார்.

"கேட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டா."

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். "அது எந்த லைட்டு?"

மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு, சாப்பிடட்டும்" என்று மட்டும் சொன்னார். என்னால் சாப்பிட முடியவில்லை. உன்னை நான் ஒரு தடவைதான் கேட்டேன். எனக்கு நீ மூன்று தடவை கேட்கிறாய். உன்னை நான் ஒரு தடவைதான் கேட்டேன். அன்றிலிருந்து வகுப்பில் உட்கார முடியவில்லை, நடக்கப் போனால் பாதியில் திரும்பிவிடுகிறேன், புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் நிற்கிறேன்.

ஆகவே மூன்றாவது. காலம் தாழ்த்தாமல் எல்லாவற்றையும் செய்துவிட்டேன். மேல்மாடியில் ஒரு பெரிய அறை காலியாக இருந்தது; நமக்காகச் சொல்லிவிட்டேன். மெக்கானிக் இரண்டாவது கட்டிலைத் தனி ஆளாக மேலே ஏற்றினார். துணைவர் வந்து தங்க அனுமதி உண்டு. கல்லூரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மகளிடம் ஜனவரி இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லிவிட்டேன். இங்கே குளிர் அதிகம் என்பதால் உனக்குத் தடிமனான கோட்டு ஒன்று வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன், சாம்பல் நிறம்.

இதோ, இரண்டாம் தடவை கேட்கிறேன். வருகிறாயா?

முதல் கடிதத்தின் நான்காவது விஷயத்தில் இந்தச் சிறு திருத்தத்தை ஏற்றுக்கொள். ஒரு தடவைதான் கேட்டேன் என்பது குறைதான். ஆனாலும், கேட்டேன்.

உன்,
நான்

---

டிசம்பர் 12

உங்களுக்கு,

வேண்டாம்.

இது பச்சையா மஞ்சளா என்று அந்த வீட்டில் உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. தட்டைக் கையால் மூடியிருக்கிறேன்.

அந்த அம்மா நல்ல கேள்வி கேட்டார். நீங்கள் அதற்குத் தப்பான விடை எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தடவை கேட்டீர்கள் என்பதல்ல என் வருத்தம். நீங்கள் அன்று கேட்ட விதத்தை நான் சொல்கிறேன், கேளுங்கள். கல்லூரிக்கு எழுதிப் போட்டு, அவர்கள் சம்மதித்து, டிக்கெட் வந்து, எல்லாம் ஆகிவிட்டது. எனக்கு மகள் சொல்லித்தான் தெரியும். நான் கேட்பேன் என்று காத்திருந்தீர்கள் போல. நான் நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். ஒரு நாள் கடைவீதியிலிருந்து பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தீர்கள். கூடத்தில் உட்கார்ந்து சாவி சரியாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "நீயும் வரியா?" என்றீர்கள். பூட்டு ஒன்று. பெட்டி ஒன்று. அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும்? ஆமாம், நானும் வருகிறேன், என்னையும் அந்தப் பெட்டிக்குள் மடித்து வையுங்கள் என்றா?

எனக்கு ஆசை இருந்தது. கேட்காததால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வேலை பார்த்த காலம் முழுவதும் கடல் தாண்டிய ஊர்களின் பெயர்களை இந்த வாயால் சொல்லிச் சொல்லி யார் யாரையோ யார் யாருடனோ சேர்த்து வைத்தேன். அதில் ஒரு தெருவிலாவது கால் வைக்க வேண்டும் என்று இருந்தது. நீங்கள் படிக்கப் போவது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமோ, கூட வருவது எனக்கு அதே அளவு. அதைப் போய்ப் பூட்டுச் சாவியோடு சேர்த்துக் கேட்டுவிட்டீர்கள்.

இப்போதும் அதையேதான் செய்திருக்கிறீர்கள். அறை முடிந்தது, கட்டில் ஏறியது, தேதி குறித்தாயிற்று, கோட்டு ஆணியில் தொங்குகிறது. அதன் பிறகு, கடைசி வரியில், வருகிறாயா! லைன் கொடுத்தால் அந்தப் பக்கம் ஆள் எடுத்த பிறகுதான் பேசத் தொடங்க வேண்டும். நீங்கள் முழுதும் பேசி முடித்துவிட்டு டயல் செய்கிறீர்கள்.

ஜனவரியில் எனக்கு நேரம் இல்லை. பெரிய மருத்துவமனையில் விசாரணை மேசைக்குப் போன் எடுக்க ஆள் கேட்டார்கள். நவம்பரிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீங்கள் செய்ததையே நானும் செய்து பார்த்தேன், ருசியாக இல்லை.

சாம்பல் நிறம் எனக்கு எப்போது பிடித்தது?

இப்படிக்கு,
ஆபரேட்டர்

---

ஜனவரி 3

அன்புள்ளவளே,

இந்தக் கடிதத்துக்கு வரிசை இல்லை. போட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றும் எனக்கு வசதியான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

சாம்பல் நிறக் கோட்டை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேல் அறை வேண்டாம் என்று வீட்டம்மாவிடம் சொன்னேன். "வராங்களா இல்லையா, அதையாவது சொல்லுங்க" என்றார்.

"தெரியாது. நான் இன்னும் ஒழுங்காக் கேக்கல" என்றேன்.

"ரெண்டு மாசமா என்னதான் எழுதுறீங்க, ரெண்டு பேரும்?"

கட்டிலை இறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெக்கானிக் தானாகவே வந்து இறக்கினார். மன்னிப்புக் கேட்டேன். "ஏத்துறதும் எறக்குறதும்தானே ஐயா நம்ம பொழப்பு" என்றார்.

மகளிடமும் டிக்கெட்டை விட்டுவிடச் சொன்னேன். "அப்பாடா" என்றாள். அவளை நாம் இருவரும் எவ்வளவு படுத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

கல்லூரியில் உனக்காக எழுதிக் கொடுத்ததையும் திரும்ப வாங்கிவிட்டேன். வசந்த காலத் தேர்வு வரை படிப்பைத் தொடர்கிறேன். இது நான் மட்டும் எடுத்த முடிவு, அப்படியே சொல்கிறேன். வகுப்பில் நேற்று ஒரு கேள்விக்குப் பக்கத்துப் பையனுக்கு முன்னால் பதில் சொன்னேன். பதில் தப்பு. ஆனாலும் ஆசிரியை என் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டார்.

நீ மருத்துவமனைக்குப் போவதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம். அது எப்படிப்பட்ட வலி என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. அந்த மேசையில் எப்படிப்பட்டவர்கள் பேசுகிறார்கள், நீ என்ன பதில் சொல்கிறாய், மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய், எதுவும் எனக்குத் தெரியாது. எழுதுவாயா?

இப்போது என்னிடம் அறை இல்லை, தேதி இல்லை, எந்த ஏற்பாடும் இல்லை. நீ இங்கே வர விரும்பலாம், அந்த வேலையை விட்டு எங்கும் நகர விரும்பாமல் இருக்கலாம், வேறு ஏதோ ஓர் ஊரைச் சொல்லலாம், என்னோடு இன்னும் பேச விரும்பாமலும் இருக்கலாம். உனக்கு என்ன வேண்டும்? உன் பதில் என்னவாக இருக்கும் என்று தெரியாமல் எதையும் உன்னிடம் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. கேள்வி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதல் கடிதத்தில் எழுதிய மற்ற மூன்றும் நடந்தவைதான். நான்காவது தவறு. நான் உன்னைக் கூப்பிடவே இல்லை.

உன்,
நான்